பீட்டா ஏன் நகரவில்லை? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மதுரை கே.புதூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, ஊர்க்குழுக்கள் பேசிக்கொள்வதற்கான மென்பொருள் ஒன்றை நாங்கள் மூன்று பேர் செய்துகொண்டிருக்கிறோம். குடியிருப்போர் சங்கம், மல்லிகை விவசாயிகள், பள்ளியின் பழைய மாணவர்கள் என்று யார் வேண்டுமானாலும் கேள்வி போடலாம், படம் போடலாம், பதில் சொல்லலாம். சிலர் மட்டும் சோதிக்கும் ஆல்பா பதிப்பு ஓடுகிறது. பலருக்கும் திறந்துவிடும் பீட்டா பதிப்பு "அடுத்த மாதம்" வரும் என்று சொல்லியே பல மாதங்கள் போய்விட்டன.

ஒரு நாள் சுவரில் ஒட்டியிருந்த பிழைத் தாள்களைக் கழற்றி அடுக்கிப் பார்த்தோம். ஏழெட்டுப் பிழைகள்தான் வேறு வேறு வார்த்தைகளில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு முறையும் முதல் தடவை பார்ப்பதுபோலக் குறிமுறையை (நிரலின் வரிகளை) திறந்து நோண்டியிருக்கிறோம். பெரும்பாலானவற்றுக்குக் காரணம் குறிமுறையே இல்லை, அமைப்புகளில் (செட்டிங்ஸ்) இருந்த ஒரு வரி. அதனால் இங்கே காசு செலவில்லாத காரணம் முதலில், பர்ஸைத் திறக்க வேண்டியது கடைசியில். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

## அறிகுறி: கணக்குத் தொடங்கும்போது சரிபார்ப்புக் கோடு (ஓடிபி) வரவில்லை

உசிலம்பட்டியில் சோதித்துப் பார்க்கும் தம்பி போன் செய்வார்: "அண்ணே, கோடு வரவே மாட்டேங்குதுண்ணே." முதலில் ஒன்றைக் கேளுங்கள். மெயிலில் வர வேண்டியதா, எஸ்எம்எஸ்ஸில் வர வேண்டியதா?

### மெயில் என்றால்

ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, அவர் தட்டிய முகவரியை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். பாதி அழைப்புகள் இங்கேயே முடிந்துவிடும்.

அங்கே இல்லையென்றால் நம் சர்வருக்குள் பாருங்கள். மெயில்களை வரிசையில் போட்டு அனுப்பும் பின்னணி வேலை ஓடுகிறதா? எங்களிடம் அதிகம் நடந்தது இதுதான். அப்டேட்டுக்காக சர்வரை ஒருமுறை நிறுத்திக் கிளப்பினோம். மென்பொருள் எழுந்துவிட்டது, அந்தப் பின்னணி வேலை எழவில்லை. இருநூறு மெயில் வரிசையில் படுத்துக் கிடந்தது. அதைத் தானாக எழும்படி அமைத்துவிட்டு, வேண்டுமென்றே சர்வரை இன்னொரு முறை நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். பார்க்காமல் "சரி செய்துவிட்டேன்" என்று எழுதாதீர்கள். நான் எழுதியிருக்கிறேன், வெட்கம்.

வரிசை காலியாக இருக்கிறது, மெயில் போய்விட்டது, ஆனாலும் சேரவில்லை என்றால் டொமைன் பதிவுகளில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயில் நம்மிடமிருந்துதான் வந்தது என்று காட்டுபவை) இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கறாராக இருக்கின்றன. பதிவுகள் சரி, ஆனால் மெயில் சர்வரை விட்டே கிளம்பவில்லை என்றால், வாடகைக்கு சர்வர் தரும் நிறுவனம் 25ஆம் போர்ட்டை (மெயில் வெளியே போகும் வாசல் எண்) அடைத்து வைத்திருக்கலாம். நிறைய இடங்களில் அப்படித்தான். 587 வழியாக வேறொரு மெயில் சர்வரிடம் கொடுத்து அனுப்பப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சேரவில்லையா? உங்கள் ஐபி முகவரியை உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் கெடுத்துவிட்டுப் போயிருப்பார். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். மெயில் அனுப்பும் சேவை ஒன்றை மாதக் கட்டணத்தில் எடுத்துவிடுங்கள்.

### எஸ்எம்எஸ் என்றால்

இந்தியாவில் டிஎல்டி (தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வணிகச் செய்திப் பதிவேடு) பதிவு இல்லாமல் வணிக எஸ்எம்எஸ் போகாது. அனுப்புநர் பெயர், செய்தியின் வார்ப்பு இரண்டையும் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். பதிந்த வார்ப்பும் நாம் அனுப்பும் வாசகமும் ஒத்துப்போகாவிட்டால் வழியிலேயே நின்றுவிடும். யாரோ அழகுக்காக ஒரு முற்றுப்புள்ளி சேர்த்திருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, இது பில் வந்த பிறகுதான் தெரியும். ஆங்கிலச் செய்தி ஒன்றுக்கு 160 எழுத்து இடம் உண்டு. தமிழில் எழுதினால் 70தான். அந்த 70இல் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் சேரும். "அன்புடன்" என்று முடித்தால் இரண்டு எஸ்எம்எஸ் காசு. சுருக்கமாக எழுதுங்கள்.

## அறிகுறி: தமிழ் எழுத்து தமிழாக இல்லை

இது ஒரு பிழை இல்லை, ஐந்து பிழைகள். திரையில் எப்படித் தெரிகிறது என்பதை வைத்துப் பிரியுங்கள். "தமிழ் உடையுது" என்று மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள்.

### எல்லாம் கேள்விக்குறியாக இருந்தால்

டேட்டாபேஸுக்குள் நேரடியாகப் போய், அந்தப் பதிவு சேமிக்கப்பட்ட வரிசையைப் பாருங்கள். அங்கேயும் கேள்விக்குறிதான் இருக்கிறது என்றால் அந்தத் தமிழ் போனது போனதுதான். பேக்கப்பில் இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் எழுதியவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். இனி வருவதையாவது காப்பாற்ற மூன்று இடங்களில் எழுத்துக் குறியீட்டை (எழுத்தைக் கணினி சேமிக்கும் முறையை) சரிபார்க்க வேண்டும். டேட்டாபேஸ் அட்டவணை, மென்பொருளுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவிலுள்ள இணைப்பு, பேக்கப் எடுக்கும் கட்டளை. மூன்றாவதை எல்லோரும் மறப்பார்கள்.

கேள்விக்குறிக்குப் பதிலாக, தலையில் தொப்பியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாகத் தெரிந்தால் நிம்மதி கொள்ளுங்கள். தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது, படிக்கும் மென்பொருள்தான் தப்பாகப் படிக்கிறது. மீட்டுவிடலாம். ஆனால் மாற்றும் கட்டளையை நகல் ஒன்றில் ஓட்டிப் பார்க்காமல் அசலில் ஓட்டாதீர்கள். ஒரே கட்டளையை இரண்டு தடவை ஓட்டினால் நிம்மதி போய்விடும்.

### பாதியில் வெட்டுப்பட்டால்

தமிழ் நன்றாகத்தான் வருகிறது, ஆனால் "நல்ல விளைச்சல்" என்பதற்குப் பிறகு எழுதியது எதையும் காணோம். எழுதியவரிடம் கேட்டால் அந்த இடத்தில் ஒரு சிரிக்கும் முகம் போட்டிருப்பார். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் யூடிஎஃப்8 என்று பெயர் வைத்த பழைய குறியீடு ஓர் எழுத்துக்கு மூன்று பைட்தான் (சேமிப்பின் சிறு அலகு) தரும். தமிழுக்கு அது போதும், எமோஜிக்கு நான்கு வேண்டும். அதனால் சில அமைப்புகளில் எமோஜியோடு பின்னால் இருப்பதும் சேர்ந்து விழுந்துவிடும். யூடிஎஃப்8எம்பி4க்கு மாறுங்கள். எட்டாம் பதிப்பிலிருந்து அதுதான் இயல்பு. பழைய பதிப்பிலிருந்து இழுத்துவந்த அட்டவணைகள் தாமாக மாறாது.

### மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் உதிர்ந்தால்

ஒரு டெஸ்டர் தன் பெயரைப் பயனர் பெயராகப் பதிந்தார். "மதுரை" என்று சேர்த்திருந்தது "மதர" என்று வந்தது. பார்த்த உடனே எனக்குச் சிரிப்பு, அவருக்குக் கோபம். பெயரைச் சுத்தம் செய்யும் வரியில் 'எழுத்து மட்டும் அனுமதி' என்று போட்டிருந்தோம். உகரக் கொக்கி, ஐகாரக் கொம்பு, மெய்ப்புள்ளி எதுவும் யூனிகோட் கணக்கில் எழுத்து இல்லை, 'குறி' என்று தனி வகை. குறிகளையும் அனுமதிக்க வேண்டும். இந்த வரி ஓர் இடத்தில் இருக்காது. ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கும் இடம், குறிச்சொல், கோப்பின் பெயர், முகவரிப் பட்டையில் வரும் தலைப்பு என்று நாலைந்து இடத்தில் ஒளிந்திருக்கும். அத்தனையையும் தேடுங்கள்.

### கடைசி எழுத்து மட்டும் கருப்பு வைரமாக மாறினால்

அறிவிப்பில் வரும் முன்னோட்ட வரியைப் பைட் எண்ணி வெட்டியிருக்கிறீர்கள். "வணக்கம்" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஏழு குறிகள் (இங்கே குறி என்றால் யூனிகோட் தரும் ஓர் எண்; எழுத்துக்கு ஒன்று, அதன் மேல் புள்ளிக்கு ஒன்று), சேமிப்பில் 21 பைட். 20ஆம் பைட்டில் வெட்டினால் அந்தக் கடைசிப் புள்ளி நசுங்கி வைரமாகும். குறி எண்ணி வெட்டினால் வைரம் போகும், ஆனால் "கொ" என்பது "க" ஆகி அர்த்தம் மாறும். கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணி வெட்டும் வசதி இன்று பெரும்பாலான நிரல் மொழிகளில் உண்டு, அதைப் பிடியுங்கள்.

### ஆங்கில எழுத்துக் குப்பையாகவோ, புள்ளி வட்டத்தோடோ வந்தால்

நம் பிழை இல்லை. அச்சகத்தில் பாமினி, வானவில் போன்ற யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த நோட்டீஸை அப்படியே ஒட்டியிருப்பார்கள். சிம்மக்கல் பக்கம் அச்சு வேலை செய்த அண்ணன்கள் எங்கள் குழுவில் இருப்பதால் வாரம் ஒன்று வரும். மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, கொடுத்துவிடுங்கள். புள்ளி வட்டம் வந்தால், தட்டச்சு இயந்திரப் பழக்கத்தில் கொம்பை முதலில் தட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: கெட்டுப்போன வரிசைகளும் நல்ல வரிசைகளும் ஒரே அட்டவணையில் கலந்து கிடந்தால் கையை எடுத்துவிடுங்கள். டேட்டாபேஸ் மீட்பில் பழக்கப்பட்டவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை அந்த அட்டவணையில் யாரும் எழுதாதபடி பூட்டி வையுங்கள்.

## அறிகுறி: கண் முன்னால் இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை

"கோவில்" என்று தேடினால் பத்துப் பதிவுகள் வருகின்றன, பதினொன்றாவது வரவில்லை. அதிலும் "கோவில்" என்றுதான் இருக்கிறது. அந்தச் சொல்லை வெட்டி எடுத்து எத்தனை குறி என்று எண்ணுங்கள். ஆறு வர வேண்டும். ஏழு வந்தால் ஓகாரத்தை ஒரே குறியாக இல்லாமல் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டிய விசைப்பலகையிலிருந்து வந்திருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் ஒரே வடிவமாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் ஒழுங்குமுறைக்கு மாற்றிச் சேமியுங்கள், தேடும் சொல்லையும் அதே முறைக்கு மாற்றுங்கள், பழைய பதிவுகளை ஒரே ஒரு முறை மாற்றி வையுங்கள். மூன்றில் ஒன்றை விட்டாலும் பிழை வேறு பக்கம் தலைநீட்டும்.

என்எஃப்சி தொடாத ஒன்று உண்டு. "பௌர்ணமி" என்பதைப் பலர் ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு "பெளர்ணமி" என்று தட்டுவார்கள். அது நம் ஆட்களின் எழுத்துப் பழக்கம். தேடலில் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும்படி சின்ன மாற்றுப் பட்டியல் ஒன்றை நாங்கள் வைத்திருக்கிறோம்.

அடுத்தது வேற்றுமை உருபு. "மாட்டுத்தாவணி" என்று தேடுபவருக்கு "மாட்டுத்தாவணியில்" வர வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு 12ஆம் பதிப்பிலிருந்து தமிழுக்கான வேர்ச்சொல் பிரிப்பான் கூடவே வருகிறது. முழுதாகச் சரியில்லை, ஆனால் இல்லாததைவிட எவ்வளவோ மேல். அதற்கும் மேலே தனித் தேடல் சர்வர் வைப்பது பீட்டாவுக்குத் தேவையில்லாத செலவு என்பது என் கருத்து. எங்கள் குழுவிலேயே ஒருவர் இதற்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

## அறிகுறி: இன்று போட்டது நேற்று என்று காட்டுகிறது

பூச்சந்தை விலையை அதிகாலை 4:30க்கு ஒருவர் போடுகிறார். மென்பொருள் அதை முந்தைய நாள் இரவு 11:00 என்று காட்டுகிறது. மல்லிகை விலை மணிக்கு மணி மாறும், நேற்றைய விலை யாருக்கு வேண்டும்? வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் சர்வர் உலக நேரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். சர்வரின் நேரத்தை மாற்றாதீர்கள், அது அப்படியே இருக்கட்டும். காட்டும்போது மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். திருத்திய பிறகு நேரம் ஐந்தரை மணி முன்னால் ஓடினால் இரண்டு பேர் தனித்தனியாகச் "சரி" செய்திருக்கிறீர்கள்.

## அறிகுறி: படம் ஏறவில்லை

சின்னப் படம் ஏறுகிறது, கேமராவில் எடுத்தது ஏறவில்லை என்றால் அளவு வரம்புதான். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் தானாக 1 எம்பிக்கு மேல் வாங்காது, 413 என்று திருப்பி அனுப்பும். அதை உயர்த்தினால் அடுத்து பிஎச்பி நிரல் மொழியின் 2 எம்பி வரம்பு நிற்கும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

எந்தப் படமும் ஏறவில்லையென்றால் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, கோப்புறையில் எழுத அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோன்காரர்களுக்கு மட்டும் ஏறவில்லையென்றால் அது ஐபோன் படங்களைச் சேமிக்கும் எச்இஐசி வடிவம். படம் ஏறியும் படுத்துக் கிடந்தால், போன் எழுதிவைத்த திசைக் குறிப்பை நாம் படிக்கவில்லை.

அந்தக் குறிப்போடு படம் எடுத்த இடத்தின் வரைபடப் புள்ளியும் வரக்கூடும். தோட்டத்தையோ வீட்டு வாசலையோ போட்டவரின் இருப்பிடம் ஊருக்கே தெரிந்துவிடும். திசையைச் சரிசெய்த கையோடு அதையும் நீக்கிவிடுங்கள். பீட்டாவுக்கு முன் கட்டாயம்.

## அறிகுறி: மெதுவாகிறது, அல்லது படுத்துவிடுகிறது

ஒரு ஆளுக்கா, எல்லோருக்குமா? இதைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கோரிப்பாளையத்திலிருந்து மூன்று பேர் "சர்வர் செத்துருச்சு" என்று அறிவித்தார்கள். பதறிப்போய் நான் மறுபடி கிளப்பினேன். ஓடிக்கொண்டிருந்த நல்ல சர்வரை நிறுத்தியது நான்தான். அத்தனை லட்சம் பேர் நிற்கும் வைகைக் கரையில் போன் சிக்னல் திணறியிருக்கிறது, அவ்வளவுதான். வீட்டிலிருந்தவர்களுக்கு எல்லாம் ஒழுங்காகவே வந்துகொண்டிருந்தது.

எல்லோருக்கும் என்றால், திரையில் என்ன எண் வருகிறது என்று கேளுங்கள்.

502 வந்தால் பின்னால் ஓடும் நிரல் விழுந்துவிட்டது. சர்வர் லாகில் (நடந்ததை எழுதிவைக்கும் கோப்பு) 'கில்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள். நினைவகம் போதாமல் இயக்க முறைமையே அதைக் கொன்றிருக்கும். கொஞ்சம் ஸ்வாப் இடம் (நினைவகத்துக்குத் துணையாக டிஸ்க்கில் விடும் இடம்) ஒதுக்குவது இலவசம், அதைச் செய்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள். 504 வந்தால் நிரல் உயிரோடு இருக்கிறது, பதில் சொல்லத்தான் நேரமாகிறது. மெதுவான வினவல்களை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளை) பதியும் வசதியை இயக்குங்கள். மைஎஸ்க்யூஎல் பத்து வினாடிக்கு மேல் ஆவதைத்தான் மெதுவென்று எண்ணும். ஒரு வினாடியாகக் குறையுங்கள். எங்களுக்குப் பிடிபட்டது, முகப்பில் காட்டும் முப்பது பதிவுக்கும் எழுதியவர் பெயரைத் தேடித் தனித்தனியாக முப்பது முறை டேட்டாபேஸுக்குப் போய்வந்த ஒரு துண்டு. ஒரே முறையில் கேட்கும்படி மாற்றியதும் அடங்கிவிட்டது.

எண் எதுவும் இல்லை, "பாதுகாப்பற்றது" என்று உலாவி மிரட்டுகிறது என்றால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாகத் தருவது 90 நாள்தான். தானாகப் புதுப்பிக்கும் வேலை நின்றிருக்கும். பாதுகாப்பு என்று யாராவது, புதுப்பிப்புச் சோதனை வரும் 80ஆம் போர்ட்டை மூடியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

பெரிய சர்வர் வாங்குவது கடைசி. மெதுவான வினவலைத் திருத்தாமல் பெரிய சர்வருக்குப் போனால் அதே பிழைக்கு இரட்டை வாடகை கட்டுவீர்கள். எல்லாம் செய்தும் வாரம் ஒருமுறை காரணம் தெரியாமல் விழுகிறதென்றால் சர்வர் பராமரிக்கத் தெரிந்தவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து உட்கார வையுங்கள். லாகை முன்கூட்டியே சேர்த்துவைத்தால் அவருக்குப் பாதி நாள் மிச்சம்.

## அறிகுறி: பழைய பதிப்பிலிருந்து புதியதுக்கு ஏற்றும்போது பாதியில் நிற்கிறது

"சாவி நீளம் அதிகம், 767 பைட்" என்ற பொருளில் பிழை வந்தால் பயப்படாதீர்கள். யூடிஎஃப்8எம்பி4க்கு மாறியதன் பின்விளைவு. பழைய மைஎஸ்க்யூஎல்லில் 255 எழுத்துப் புலத்துக்கு அட்டவணைச் சுட்டு (விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ்) போட்டால் நான்கால் பெருக்கி 1020 ஆகிவிடும். புலத்தை 191ஆகக் குறையுங்கள், அல்லது புதிய பதிப்புக்குப் போங்கள். குறைப்பதற்கு முன் 191ஐத் தாண்டிய பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

பிழைச் செய்தியே இல்லாமல் நின்றால் உங்கள் இணைப்பு அறுந்திருக்கும். புதூரில் மாதப் பராமரிப்பு மின்தடை என்பது தெரியாமல் காலையில் ஆரம்பித்தோம். மின்சாரம் போனது, மோடம் போனது, மாற்றம் பாதியில் தொங்கியது. மைஎஸ்க்யூஎல்லில் அட்டவணை அமைப்பை மாற்றும் கட்டளைகள் பின்வாங்காது. பாதி பழசு, பாதி புதுசு. இப்போதெல்லாம், இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலையைத் தொடரும் ஸ்க்ரீன் அல்லது டிமக்ஸுக்குள் ஓட்டுகிறோம். நம் வீட்டில் கரண்ட் போனாலும் அங்கே வேலை நடக்கும்.

பேக்கப் எடுத்தீர்களா என்று கேட்க மாட்டேன், எல்லோரும் "எடுத்தேன்" என்பார்கள். அதை வேறொரு கணினியில் திரும்ப ஏற்றிப் பார்த்தீர்களா? பார்க்கவில்லையென்றால் இந்தத் தலைப்பின் கீழ் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். ஏற்ற முடியாத பேக்கப்பும் பாதியில் நின்ற மாற்றமும் சேர்ந்து வந்தால், அன்றே டேட்டாபேஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: பெரிய பிழை ஒன்றும் இல்லை, ஆனாலும் பீட்டா வரவில்லை

டெஸ்டர்கள் அமைதியாக இருக்கிறார்களா? "பயன்படுத்திப் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டிருப்பீர்கள். "நல்லா இருக்கு தம்பி" என்றுதான் பதில் வரும். வேலையாகக் கொடுங்கள்: "ஒரு படத்தோடு கேள்வி போடுங்க, மேலூர் அண்ணன் அதுக்குப் பதில் போடுவார், உங்களுக்கு அறிவிப்பு வந்துச்சான்னு சொல்லுங்க." எழுத அலுப்புப்படுபவர்களிடம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வாங்குங்கள். எங்களுக்குக் கிடைத்த நல்ல பிழை அறிக்கைகள் பஸ் சத்தத்துக்கு நடுவில் பேசியவைதான்.

பிழைப் பட்டியல் குறையவில்லையா? தேதிகளைப் பாருங்கள். புதுப் பிழைகள் எல்லாம் போன வாரம் சேர்த்த புது வசதியில்தான் இருக்கும். வசதி சேர்ப்பதை நிறுத்துங்கள். எங்களுக்கு அது கருத்துக்கணிப்பு வசதி. யாரும் கேட்கவில்லை, நான்தான் ஆசைப்பட்டேன். எடுத்து ஓரம் வைத்த பதினைந்து நாளில் பட்டியல் பாதியாகிவிட்டது.

மிஞ்சியதைப் பிரியுங்கள். பதிவு காணாமல் போவது, அடுத்தவர் கணக்கு திறப்பது, உள்ளேயே போக முடியாதது இவை இருக்கும்வரை பீட்டா கிடையாது. பொத்தானின் நிறம், சந்திப்பிழை, அறிவிப்பு இரண்டு முறை வருவது இவற்றோடு தாராளமாக வெளியிடலாம்.

இரண்டு இடத்தில் மட்டும் நாமே முடிவெடுக்கக் கூடாது. உள்நுழைவு, கடவுச்சொல் சேமிப்பு, நிர்வாகி அனுமதி மூன்றையும் குழுவுக்கு வெளியே உள்ள பாதுகாப்பு தெரிந்த ஒருவர் உடைத்துப் பார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் சேரும் குழு என்றால் வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. எங்கள் பழைய மாணவர் குழுவில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அண்ணன் போனில் சேர்ந்திருந்தான். பதிவுப் படிவத்தில் வயது கேட்கும் பெட்டி எங்களிடம் இல்லை. இந்த வாரம் அதைத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.